அம்பாசடர் காரின் உட்புறச் சீரமைப்பு

மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் 1950களின் இறுதியிலிருந்து 2014 மே மாதம் வரை தயாரித்த அம்பாசடர் கார், பிரிட்டனின் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசையை அடியொற்றியது. அதன் இருக்கை, கூரைத் துணி, கதவு அட்டை, தரைவிரிப்பு, டேஷ்போர்டு ஆகியவற்றை உரிமையாளரே பழைய நிலைக்குக் கொண்டுவருவது இன்று பலர் விரும்பிச் செய்யும் வேலை. பழைய மாடல்களின் உட்புறத்தில் சென்சாரோ காற்றுப்பையோ இல்லை. ஸ்பானரும் திருப்புளியும் பொறுமையும் இருந்தால் பெரும்பகுதியைக் கழற்றிவிடலாம்.

குறைந்த பணத்தில் இறங்குபவர்கள் முதலில் செலவழிப்பது பெரும்பாலும் புது சீட் கவருக்கு. வேலை அங்கே தொடங்கக் கூடாது. உட்புறத்தைக் கெடுப்பது தண்ணீர். முன்கண்ணாடியின் ரப்பர் பீடிங் காய்ந்து வெடித்தால் மழைநீர் டேஷ்போர்டுக்குப் பின்னால் வழிந்து கால் வைக்கும் இடத்தில் தேங்கும். கதவின் அடிவிளிம்பிலுள்ள வடிகால் துளைகள் மண்ணால் அடைபட்டால் கதவும் அதனுள்ளிருக்கும் அட்டையும் ஊறிப்போகும். ஒருவர் வெளியே நின்று குழாய்த் தண்ணீர் அடிக்க, இன்னொருவர் டார்ச்சுடன் உள்ளே உட்கார்ந்து பார்த்தால் ஒழுகும் இடம் தெரிந்துவிடும். அது அடைபடும் வரை புதிதாக எதையும் ஒட்டக் கூடாது.

கழற்றுவதற்கு முன் பேட்டரி இணைப்பை எடுத்துவிட வேண்டும். ஒவ்வொரு நிலையையும் படம் பிடித்து, ஸ்க்ரூக்களைத் தனித்தனி உறைகளில் பெயர் எழுதிப் போட்டு வைத்தால் மாட்டும்போது தேட வேண்டியிருக்காது. விரிப்பைத் தூக்கியதும் தரைத்தகட்டைத் திருப்புளி முனையால் அழுத்திப் பார்க்க வேண்டும். மேல்துரு என்றால் சுரண்டி, ரெட் ஆக்சைடு பூசிவிடலாம். முனை உள்ளே இறங்கினால் அது டிங்கர் வேலை. ஒதுக்கிய பணத்தின் முதல் பங்கு அங்கேதான் போக வேண்டும்.

இருக்கைகள்தாம் இந்த வண்டியின் அடையாளம். பழைய மாடல்களில் முன்னால் இருப்பது ஒரே நீள பெஞ்ச் இருக்கை. கியர் கம்பி ஸ்டீயரிங் தண்டிலேயே இருந்ததால் நடுவிலும் ஒருவர் உட்கார முடிந்தது. 1990களில் இசுஸு எஞ்சினுடன் வந்த 1800 ஐஎஸ்இசட் மாடலில்தான் தனித்தனி இருக்கைகளும் தரையிலிருந்து எழும் கியரும் வந்தன. பழைய பெஞ்சைத் தூக்கி எறிந்துவிட்டு ஏதோ ஒரு நவீன காரின் இருக்கைகளைப் பொருத்துவது வண்டியின் குணத்தையே மாற்றிவிடும்.

பெஞ்சைப் பிரித்தால் உள்ளே இரும்புச் சட்டம், ஸ்பிரிங், அதன்மேல் சாக்குத் துணி, தேங்காய் நார் அல்லது ஃபோம், எல்லாவற்றுக்கும் மேலே ரெக்ஸின். ஒடிந்த ஸ்பிரிங்கைக் கம்பியால் இழுத்துக் கட்டினால் சில மாதங்களிலேயே சாக்கைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும். அதே கனமுள்ள ஸ்பிரிங்கை மாற்றுவதே முறை. நசுங்கிய நாருக்குப் பதிலாக, மெத்தைக் கடைகளில் கிடைக்கும் ரப்பர் கலந்த நார்ப்பாளத்தை வெட்டிப் போடலாம். ஃபோம் வாங்கும்போது தடிமனைவிட அடர்த்தியைக் கேட்டு வாங்க வேண்டும். அடர்த்தி குறைந்தது தொடக்கத்தில் மெத்தென்று இருந்தாலும் விரைவில் அமுங்கிவிடும்.

பழைய கவரைக் கிழித்து எடுக்கக் கூடாது. தையலைப் பிரித்து, துண்டு துண்டாக எண்ணிட்டு வைத்தால் அதுவே வெட்டுவதற்கான அச்சு. அளந்து வெட்டும் வேலையை வீட்டிலேயே முடித்து, பைப்பிங் வைத்த தையலை மட்டும் குஷன் கடைக்குக் கொடுத்தால் கூலி வெகுவாகக் குறையும். தடித்த ரெக்ஸினை வீட்டுத் தையல் மெஷின் தாங்காது.

ஆனால், மாற்றத்தான் வேண்டுமா என்பதை முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும். ரெக்ஸினை மிருதுவாக வைத்திருக்கும் சேர்மானங்கள் வெயிலில் மெல்ல வெளியேறுவதால்தான் அது விறைத்து வெடிக்கிறது. வெடிக்காமல் அழுக்கேறியது மட்டும் என்றால் மென்மையான சோப்பு நீரும் பிரஷும் போதும். தின்னர், பெட்ரோல் கூடவே கூடாது. வண்டி பிறந்தபோதே போட்டிருந்த ரெக்ஸின் ஓரளவு தேய்ந்திருந்தாலும் புதுத் தோலைவிட மதிப்புள்ளது.

கூரைத் துணி தனியாள் வேலையல்ல. குறுக்குக் கம்பிகளில் கோத்து, ஓரங்களைக் கண்ணாடிச் சட்டத்தில் பசையால் ஒட்டுவதால், முன்பின் கண்ணாடிகளைக் கழற்றிய நிலையில் இதை முடித்துவிட வேண்டும். நடுவிலிருந்து இரு பக்கமும் சமமாக இழுத்தால்தான் சுருக்கம் விழாது. கதவு அட்டை எளிது: பழையதை வைத்து ஹார்டுபோர்டில் வரைந்து வெட்டி, பின்புறம் வார்னிஷ் பூசி, கதவுக்கும் அட்டைக்கும் இடையில் பாலிதீன் தாள் ஒட்டினால் ஈரம் அண்டாது.

கைப்பிடி, கண்ணாடி ஏற்றும் பிடி, மீட்டர் போன்றவற்றைச் சென்னை புதுப்பேட்டையிலும் கொல்கத்தா முல்லிக் பஜாரிலும் தேடலாம். 15 ஆண்டு வரம்பைக் கடந்த கொல்கத்தா மஞ்சள் டாக்சிகள் உடைக்கப்படுவதால் உதிரிகள் இன்னும் கிடைக்கின்றன. அம்பாசடரின் வெவ்வேறு ‘மார்க்’ மாடல்களுக்கிடையே டேஷ்போர்டு மாறியிருப்பதால் வண்டியின் ஆண்டைச் சொல்லிக் கேட்பது அவசியம்.

முதல் பதிவாகி 50 ஆண்டுகள் கடந்த வண்டிகளை விண்டேஜ் வாகனமாகப் பதிவு செய்ய 2021-இல் மத்திய அரசு விதி வகுத்தது. சேஸிஸ், பாடி, எஞ்சினில் பெரிய மாற்றம் இருந்தால் அந்தப் பதிவு கிடைக்காது. எனவே துருப்பிடித்த தரையை வெட்டும்போது பழைய வடிவத்திலேயே தகடு வைக்க வேண்டும். சீட் பெல்ட் இல்லாத பழைய வண்டியில் அதைப் பொருத்துபவர்கள், மெல்லிய தகட்டில் துளையிட்டு போல்ட் முடுக்குவதோடு நிறுத்தக் கூடாது. பின்புறம் கனமான இரும்புப் பட்டை வைத்து வெல்டிங் செய்ய வேண்டும். அந்த வெல்டிங் கதவு அட்டையும் விரிப்பும் ஏறுவதற்கு முன்பே முடிந்துவிட வேண்டும்.