ஈசூன்: அரசின் நிலம், குடிமகனின் வீடு

சிங்கப்பூரின் வடக்கே உள்ள ஈசூன், ரப்பரிலும் அன்னாசியிலும் பெரும்பொருள் ஈட்டிய லிம் நீ சூனின் (1879–1936) பெயரைத் தாங்கிய வட்டாரம். தோட்டங்களும் கம்பங்கள் எனப்படும் சிற்றூர்களுமாக இருந்த அந்த நிலத்தில், 1970களின் பிற்பகுதியிலிருந்து வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் அடுக்குமாடிகள் எழுந்தன. கம்யூனிசத்தை எதிர்த்து ஆட்சியை நிலைநிறுத்திய ஓர் அரசு, நிலத்தைப் பொதுவுடைமைக்காரர்களைப்போலக் கையிலெடுத்துக்கொண்டு, குடிமகனின் பொறுப்பு என்று வரும்போது அமெரிக்காவைவிடக் கண்டிப்பாக நடந்துகொண்ட கதை இந்த நகரின் பின்னால் இருக்கிறது.

அந்தக் கதையின் ஒரு தொடக்கம் பக்கத்திலேயே இருக்கிறது: செம்பவாங்கில் 1938இல் திறக்கப்பட்ட பிரிட்டிஷ் கடற்படைத் தளத்தில் தமிழரும் மலையாளிகளும் பெருமளவில் வேலை பார்த்தனர். அத்தளத் தொழிலாளர் சங்கத்தின் செயலாளராக இருந்தவர் உட்ஹல். 1954இல் தோன்றிய மக்கள் செயல் கட்சியில் கம்யூனிச அனுதாபிகளும் லீ குவான் இயூவின் மிதவாதிகளும் சேர்ந்தே இருந்தனர். 1961இல் கட்சி பிளந்தது. பிரிந்துபோன இடதுசாரிகளின் பாரிசான் சோசியலிஸ் கட்சிப் பக்கம் போன உட்ஹல், 1963 பிப்ரவரி 2ஆம் தேதி இடதுசாரிகளைப் பிடிக்க நடந்த ‘கோல்ட்ஸ்டோர்’ நடவடிக்கையில் பிடிபட்டு, நூற்றுக்கும் மேற்பட்டவர்களுடன் விசாரணையின்றிக் காவலில் வைக்கப்பட்டார். பிரிட்டிஷாரின் காவலில் இருமுறை இருந்த தொழிற்சங்கவாதி தேவன் நாயரோ ஆளுங்கட்சியான மக்கள் செயல் கட்சியுடன் நின்றார். பின்னாளில் நாட்டின் அதிபருமானார்.

ஆட்சிமுறையில் இருந்த முரண் இது: தேர்தல், நீதிமன்றம், தனியார் தொழில் எல்லாம் இருந்தன. ஆனால் அமெரிக்க அரசியல் சட்டம் தனிமனிதனுக்குத் தரும் காப்புகளில் முக்கியமான ஒன்றை, விசாரணையின்றிக் காவலில் வைக்க வழிசெய்த உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டம் இல்லாமலாக்கியது. 1968 தேர்தலைப் பாரிசான் புறக்கணித்தது. அதன்பின் 1981இல் ஆன்சன் இடைத்தேர்தலில் ஜே. பி. ஜெயரத்னம் வெல்லும்வரை நாடாளுமன்றத்தில் எதிர்க்கட்சி உறுப்பினர் ஒருவர்கூட இல்லை.

நிலத்தில் தனியுடைமையை ஒழிப்பது 1848ஆம் ஆண்டுக் கம்யூனிஸ்டு அறிக்கையின் முதல் கோரிக்கை. அமெரிக்காவின் 1862ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டம் இதற்கு நேர் எதிர்: ஐந்தாண்டு தங்கி உழுதவனுக்கு 160 ஏக்கர் சொந்தம். சிங்கப்பூர் 1966இல் நில எடுப்புச் சட்டம் கொண்டுவந்து, தனியார் நிலத்தைச் சந்தை விலைக்கும் குறைவாகக் கையகப்படுத்தியது. சோவியத் நகரங்களில் அரசு வீட்டுக்குக் குடியிருப்பவர் வாடகைதான் கொடுத்தார். இங்கே 1964 முதலே வீடு 99 ஆண்டுக் குத்தகையில் விற்கப்பட்டது. சொந்தமாக ஒன்று இருந்தால்தான் குடியேறிகளின் பிள்ளைகளுக்கு நாட்டின்மேல் பிடிப்பு வரும் என்பது லீயின் கணக்கு.

வாங்கப் பணம்? அது தொழிலாளியின் சம்பளத்திலிருந்தே வந்தது. 1955இல் தொடங்கிய, கட்டாயச் சேமிப்பான மத்திய சேமநிதியை 1968 முதல் வீட்டுக்கும் எடுக்க முடிந்தது. 1984இல் மருத்துவத்துக்காக மெடிசேவ் வந்தது. சேமநிதியில் அவரவர் பணம் அவரவர் கணக்கில். இதனுடன் ஒப்பிட்டால் 1935இல் ரூஸ்வெல்ட் கொண்டுவந்த அமெரிக்கச் சமூகப் பாதுகாப்புத் திட்டமே கூட்டுப்பொறுப்புக்கு நெருக்கமானது. அங்கே இன்றைய உழைப்பாளியின் வரி இன்றைய முதியவரின் ஓய்வூதியமாகிறது. இத்தனைக்கும் மக்கள் செயல் கட்சி சோசலிசப் பெயரை விடவில்லை. 1976இல் கட்சி அனைத்துலக சோசலிஸ்டு அமைப்பிலிருந்து வெளியேறிய அதே ஆண்டில், சிங்கப்பூரின் வழியே நடைமுறைக்கேற்ற சோசலிசம் என்று வாதிடும் நூலைத் தேவன் நாயர் தொகுத்து வெளியிட்டார்.

சமத்துவத்திலும் அரசு தன் கையை விலக்கிக்கொள்ளவில்லை. 1989இல் வந்த இன ஒருங்கிணைப்புக் கொள்கை ஒவ்வொரு புளோக்கிலும் சீனர், மலாய்க்காரர், இந்தியர் எத்தனை பேர் என்று வரம்பு வைத்தது. இனவாரிக் குடியிருப்புகள் உருவாகாமல் தடுத்தது இதன் பயன். சுமை சிறுபான்மையினர்மேல் கூடுதலாக விழுந்தது. சீனர் வரம்பு நிரம்பிய புளோக்கில் தமிழ்க் குடும்பம் தன் வீட்டைச் சீனருக்கு விற்க முடியாது. வாங்குவோர் குறைந்தால் விலையும் குறைகிறது. விற்க முடியாமல் தவிப்பவர்களின் வீட்டை வீடமைப்பு வளர்ச்சிக் கழகமே திரும்ப வாங்கிக்கொள்ளும் ஏற்பாடு 2022இல்தான் வந்தது.