பல்வில்லைக் கமராவும் குவியப் பொறிமுறையும்

ஒரு வில்லையைக் கொண்ட கமராவிலே, வில்லைக்கும் தகட்டுக்கும் இடைப்பட்ட தூரத்தைக் கூட்டியோ குறைத்தோ தெளிவான விம்பத்தைப் பெறலாம். வில்லைகள் பலவாயின் அவையனைத்தையும் ஒருங்கே குவியப்படுத்துவது எங்ஙனம்? இவ்வினாவுக்குக் காலந்தோறும் கிடைத்த விடைகளே பல்வில்லைக் கமராவின் வரலாறு எனலாம்.

1854 ஆம் ஆண்டு பாரிசு நகரத்து ஒளிப்படக் கலைஞர் டிஸ்டெரி, ஒரே தகட்டிற் பல சிறு படங்களைப் பதிக்கும் முறைக்கு ஆக்கவுரிமை பெற்றார். அம்முறைக்குப் பயன்பட்ட நால்வில்லைக் கமராவில் வில்லைகள் ஒரே பலகையிற் பொருந்தியிருந்தன. பலகை ஒன்றாதலின் குவிய அசைவும் ஒன்றே. எனவே நான்கின் குவியத்தூரங்களும் ஒத்திருத்தல் இன்றியமையாததாயிற்று. ஒன்று வேறுபடினும் அதன் படம் மங்கும். பொறியின் எளிமையைத் தாங்கியது வில்லை கடைந்தோனின் கைத்திறனே.

1908 ஆம் ஆண்டு மார்ச்சு 2 ஆம் நாள், காபிரியேல் லிப்மன் பிரெஞ்சு விஞ்ஞானக் கழகத்திலே பூச்சியின் கூட்டுக்கண்ணை ஒத்த தகடொன்றை விளக்கினார். அதன் ஒருபுறம் நுண்வில்லைகள். மறுபுறம் ஒளியுணர் பூச்சு. நுண்வில்லையின் குவியத்தூரம் மிகச் சிறிதாதலின் தொலைவிலுள்ள பொருள்கள் அசைவின்றியே தெளிவுறும். ஈண்டுக் குவியப் பொறியே வேண்டப்படவில்லை. ஆயின் அத்தகைய வில்லைகளைச் செம்மையாக ஆக்குதல் அக்காலத்தில் அரிதாயிருந்தது.

2005 ஆம் ஆண்டு ஸ்டான்போர்டுப் பல்கலைக்கழகத்தில் ரென் இங் என்பாரும் அவருடன் உழைத்தோரும், முதன்மை வில்லைக்குப் பின்னே நுண்வில்லைத் தொகுதியை அமைத்து, படம் எடுத்த பின்னர்க் கணிப்பினாற் குவியத்தை மாற்றிக் காட்டினர். இதற்கு ஈடாகக் கொடுத்தது படத்தின் நுண்மையாகும்: ஏறத்தாழ 1 கோடியே 60 இலட்சம் புள்ளிகளைப் பதியும் உணரியிலிருந்து, 296 × 296 புள்ளிகள் கொண்ட படமே கிடைத்தது.

உருப்பெருக்க மாற்றத்துக்கு வேறொரு வழியை, லைட் நிறுவனம் 2017 இல் விற்பனைக்கு விட்ட எல் 16 கமரா காட்டிற்று. அதன் 16 வில்லைத் தொகுதிகள் 28, 70, 150 மில்லிமீற்றர்க்குச் சமமான மூவகையின. மெல்லிய உடலுள் நீண்ட குழாய்க்கு இடமின்மையால், பின்னிரு வகைகளிலும் ஆடி ஒளியை மடக்கியது. இடைப்பட்ட உருப்பெருக்கங்களுக்கு ஆடிகள் சாய்ந்து பார்வையை ஒருங்கிணைத்தன. பல படங்களைக் கணிப்பு ஒன்றாக்கியது.

இவ்வரலாறு உணர்த்தும் உண்மை ஒன்றுண்டு. பல கண்கள் ஒருமித்துக் காண்பதற்கு வேண்டிய நுண்மை எக்காலத்தும் நீங்கியதில்லை. அது கடைசற்காரனின் கையிலிருந்து அச்சுக்கும், அச்சிலிருந்து கணிப்புக்கும் இடம் பெயர்ந்ததேயன்றி, அதன் அளவு குறைந்ததில்லை.