பசுவை நம்பிப் பெருகிய பன்றி: டென்மார்க்கின் தீவன முறையும் பண்ணைக் கணக்கும் (1878–1918)

பன்றி வளர்ப்பின் மொத்தச் செலவில் 60 முதல் 70 விழுக்காடு தீவனத்துக்கே போகிறது. இனம், கொட்டகை, ஆள்கூலி எல்லாம் மீதியில் அடங்கிவிடும். எனவே ஒரு நாட்டில் பன்றித் தொழில் ஏன் செழித்தது என்று கேட்பவர், அங்கே பன்றி எதைத் தின்றது என்றே முதலில் பார்க்க வேண்டும். டென்மார்க் இதற்குத் தெளிவான சான்று.

1870களில் அமெரிக்க, ரஷ்யத் தானியம் ஐரோப்பியச் சந்தைகளில் மலிவாக வந்து குவிந்தது. தானியம் விற்றுப் பிழைத்த டேனிஷ் விவசாயிகள், அதைக் கால்நடைக்குப் போட்டு வெண்ணெயாக்கி பிரிட்டனுக்கு விற்கத் தொடங்கினர். 1878இல் தொடர்ந்து இயங்கும் பாலாடை பிரிக்கும் எந்திரம் வந்தது. 1882இல் மேற்கு யூட்லாந்தின் யெடிங் என்ற ஊரில் முதல் கூட்டுறவுப் பால் நிலையம் எழுந்தது. காலையில் பால் ஏற்றிப்போன வண்டியே, ஆடை நீக்கிய பாலைக் கேன்களில் நிரப்பிக்கொண்டு பண்ணைக்குத் திரும்பியது. மாட்டின் செலவை வெண்ணெய் பெரும்பாலும் ஈடுகட்டிவிட்டதால், திரும்பி வந்த பாலைக் குறைந்த மதிப்பில் கணக்கெழுத முடிந்தது. டேனிஷ் பன்றியின் லாபம் இங்கேதான் பிறந்தது என்பது என் முடிவு.

அந்தப் பாலுக்கு விலை வைக்க ஓர் அளவுகோல் வேண்டியிருந்தது. வேளாண் ஆய்வாளர் என்.ஜே. ஃபியோர்டு நடத்திய தீவனச் சோதனைகள் அதைத் தந்தன: ஒரு கிலோ தானியத்துக்கு ஆறு கிலோ ஆடை நீக்கிய பால், அல்லது பாலாடைக்கட்டி செய்தபின் மிஞ்சும் தெளிநீர் பன்னிரண்டு கிலோ ஈடு. பார்லியில் குறைந்த புரதத்தைப் பால் நிரப்பியது. கொழுப்பு மட்டான, இறுகிய இறைச்சி கிடைத்தது. 1887இல் ஜெர்மனி டேனிஷ் பன்றிகளுக்குக் கதவடைத்தபோது, பிரிட்டிஷ் காலை உணவுக்கான பேக்கன் (உப்பிட்ட பன்றி இறைச்சி) பக்கம் திரும்ப முடிந்தது இந்தத் தீவனத்தால்தான். அதே ஆண்டு ஹோர்சன்ஸ் நகரில் முதல் கூட்டுறவுப் பேக்கன் ஆலை திறந்தது. 1881இல் சுமார் 5 லட்சமாக இருந்த பன்றிகள் 1914இல் சுமார் 25 லட்சமாயின.

மலிவான தீவனம் மறைமுகச் செலவையும் கொண்டுவந்தது. பல பண்ணைகளின் பால் ஒரே தொட்டியில் கலந்ததால், ஒரு மாட்டின் காசநோய் ஊர் முழுவதுமுள்ள கன்றுகளுக்கும் பன்றிகளுக்கும் பரவியது. கால்நடை மருத்துவர் பெர்னார்ட் பாங்கின் ஆய்வுகளைத் தொடர்ந்து, பண்ணைக்குத் திரும்பும் பாலை 85 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்க வேண்டும் என 1898இல் சட்டம் வந்தது. பால் சூடாக்கப்பட்டதா என்று அறிய வேதியியலாளர் ஸ்டோர்க் ஒரு சோதனையை வகுத்தார்: ஒரு வேதிப்பொருளும் ஹைட்ரஜன் பெராக்சைடும் சில சொட்டு விட்டால், காய்ச்சாத பால் நீலமாகும், காய்ச்சியது நிறம் மாறாது. மலிவு என்பதைக் கொள்முதல் விலையை மட்டும் வைத்து அளக்கக் கூடாது என்பதை டேனிஷ் விவசாயிகள் இந்த நீல நிறத்தில் கண்டார்கள்.

பன்றிகள் பெருகப் பெருக, மாடுகள் தரும் பால் போதவில்லை. மக்காச்சோளமும் பிண்ணாக்கும் கப்பலில் வந்தன. காசு கொடுத்து வாங்கிய தீவனத்தில் ஒவ்வொரு கிலோவும் எவ்வளவு எடையாக மாறுகிறது என்ற கேள்வி அழுத்தமானது. 1907இல் தொடங்கிய சந்ததிச் சோதனை நிலையங்கள், ஓர் ஈற்றின் சில குட்டிகளை ஒரே தீவனத்தில் வளர்த்து, தின்றதையும் ஏறிய எடையையும் பதிவுசெய்தன. மேலாகத் தேறிய குட்டிகளின் பெற்றோரே இனவிருத்திக்குத் தேர்வாயின. இந்த நிலையங்களை இனமேம்பாட்டு வரலாற்றில் மட்டும் சேர்ப்பது போதாது. அவற்றைப் பெற்றெடுத்தது தீவனச் செலவுதான்.

1917இல் முதல் உலகப் போரின் கடல் முற்றுகை இறக்குமதியை அறுத்தது. மனிதருக்கும் பன்றிக்கும் தானியம் போதாத நிலையில், பார்லியும் தவிடும் மக்களுக்கே போகட்டும் என்றார் மருத்துவர் மிக்கெல் ஹிண்ட்ஹேடே. அரசும் அவ்வழியே சென்றது. பன்றிகள் பெருமளவில் வெட்டப்பட்டு, 1918இல் சுமார் 6 லட்சமே மிஞ்சின. மாடுகளின் எண்ணிக்கையோ அந்த அளவுக்குச் சரியவில்லை.