தனி வெற்றியும் அணி வெற்றியும்

ஊர் கூடித் தேர் இழுத்தல் என்பது நம்மவர் வழக்கு. ஆயினும், வடத்தைப் பிடித்தோர் அனைவரும் இழுத்தோர் அல்லர் என்பதைத் திருவிழாக் கண்டோர் அறிவர். இதனை அளந்தே காட்டியவர் மாக்ஸ் ரிங்கெல்மன் என்னும் பிரெஞ்சு வேளாண் பொறியியல் அறிஞர். சேர்ந்து உழைப்போர் தொகை பெருகப் பெருக ஒருவர் பங்கு குறைகிறதென அவர் 1913-இல் வெளியிட்டார். எண்மர் கூடியபோது அது ஏறத்தாழப் பாதியாயிற்று. இழுப்பு ஒருசேர அமையாமை ஒரு காரணம்; பிறர் இழுப்பர் என்னும் எண்ணம் மற்றொன்று. அங்ஙனமாயின், தனித்துப் போட்டியிடுவதே நன்றோ? நம் தமிழர் ஒருவர் வரலாறு இதற்கு விடை கூறும்.

இராமநாதன் கிருஷ்ணன் 1954-இல் விம்பிள்டன் சிறுவர் பட்டத்தை வென்றவர். 1960, 1961 ஆகிய ஈராண்டும் அங்கே ஒற்றையர் அரையிறுதி கண்டவர். தனித்து ஆடுவதில் எவர்க்கும் இளைத்தவரல்லர். எனினும், டென்னிஸ் அன்பர்கள் மறவாதது 1966 டிசம்பரில் கல்கத்தாவில் அவர் ஆடிய டேவிஸ் கோப்பை ஆட்டமே.

அக்கோப்பைக்கு அந்நாளில் நான்கு ஒற்றையர், ஓர் இரட்டையர், ஆக ஐந்து ஆட்டங்கள். ஒற்றையரில் களத்தில் நிற்பவர் ஒருவர். கணக்கு ஏறுவதோ நாட்டின் பெயரில். இந்தியாவும் பிரேசிலும் இரண்டுக்கு இரண்டு எனச் சமமாய் நிற்க, இறுதி ஆட்டத்தில் தாமஸ் கோக்கை எதிர்த்தார் கிருஷ்ணன். மூன்று செட்டுகளில் இரண்டை இழந்து, நான்காவதிலும் 2–5 எனப் பின்தங்கினார். இன்னும் ஒரு கேம் போனால் நாடே வெளியேற வேண்டும். அந்நிலையினின்று 7–5 என மீண்டு, ஐந்தாம் செட்டை 6–2 எனக் கைப்பற்றினார். இந்தியா முதன்முறையாக இறுதிச் சுற்றை எட்டியது.

மெல்போர்னில் ஆஸ்திரேலியா 4–1 என வென்றது. ஒற்றையர் நான்கும் நம்மவர்க்குத் தோல்வி. கிடைத்த ஒரே வெற்றி, கிருஷ்ணனும் ஜெய்தீப் முகர்ஜியும் கூடியாடி, 1965-இல் விம்பிள்டன் இரட்டையர் பட்டம் வென்ற நியூகோம்–ரோச் இணையை வீழ்த்தியதே.

அணியே இவற்றைத் தந்தது என்பது மிகை; திறமை ஆடியவருடையது. ஆனால், வடம் பிடிப்பவன் கூட்டத்தில் மறையலாம். டேவிஸ் கோப்பை வீரனுக்கு மறைய இடமில்லை. தன் பங்கு பிறர் கண்ணுக்குப் புலனாக வேண்டும். அஃதின்றி அணி நில்லாது என அவனும் உணர வேண்டும். இவ்விரண்டும் பொருந்தினால் கூட்டு முயற்சி சோம்பலன்று, ஊக்கமே தரும்.

நிற்க. நம் ஆண்டு விழாப் பந்தயங்களில் முதல் மூவர்க்கே பரிசு. நான்காவதாய் வந்த பிள்ளை மறு ஆண்டு பெயர் கொடுப்பதில்லை. ரயில்வே பேரேட்டில் வரவு செலவு எழுதிப் பழகிய நமக்கு இது நட்டக் கணக்காகவே தோன்றுகிறது. மாட்டுங்கா, தாராவி, செம்பூர்ப் பிள்ளைகளை நால்வர் நால்வராய்க் கலந்து தொடரோட்டம் ஒன்றும் வைப்போமாக. ஒவ்வொருவரும் தம் தூரத்தைத் தாமே ஓடியாக வேண்டும். எதிரே கோலுக்குக் கை நீட்டி நிற்கும் தோழன் முகத்தினும் பெரிய தூண்டுகோல் வேறுண்டோ?