கழுதை வயசுல என்ன பொம்மை? – லெகோ செங்கல்லின் பெரியமனுஷ வரலாறு



முப்பது வயசைத் தாண்டின ஆள் பிளாஸ்டிக் செங்கல் அடுக்கி வீடு கட்டினா, நம்ம ஊர்ல மூணு டயலாக் நிச்சயம். "பையனுக்கா சார்?" - கடைக்காரர். "இதுக்கா இவ்ளோ காசு?" - தங்கமணி. "கழுதை வயசாச்சு, இன்னும் சொப்பு வெச்சு விளையாடிட்டு இருக்கான்" - ஊர்லேர்ந்து மாங்காட்டு அம்மனைப் பார்க்க வந்து, அப்படியே நம்ம வீட்டையும் பார்த்துட்டுப் போற பெரியம்மா.

மூணு பேருக்கும் சேர்த்து இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். காபியோட உக்காருங்க.

நான் சொல்ல வர்றது ஒண்ணுதான். அடுக்குற செங்கல் குழந்தைங்க சொத்து, பெரியவங்க அதைப் பிடுங்கிக்கிட்டாங்கன்னு ஒரு நினைப்பு இருக்கு. வரலாறு அப்படிச் சொல்லலை. ஆரம்பத்துலேர்ந்தே பெரியவங்க கூடவேதான் உக்காந்து அடுக்கியிருக்காங்க.

முதல்ல 1870கள் ஜெர்மனிக்குப் போவோம். ஆட்டோ லிலியந்தால் தெரியும்தானே? ரைட் சகோதரர்களுக்கு முன்னாடியே கிளைடர்ல பறந்தவர், 1896-ல் அதுலேர்ந்து விழுந்து உயிரை விட்டவர். பறக்கிறதுக்கு முன்னாடி அவரும் தம்பி குஸ்டாவும் சேர்ந்து பண்ணின வேலை, பொம்மைச் செங்கல்! குவார்ட்ஸ் மணல், சுண்ணப்பொடி, ஆளிவிதை எண்ணெய் மூணையும் கலந்து அச்சுல அழுத்திக் கல்லாவே பண்ணினாங்க. வியாபாரம் பண்ணத் தெரியலை. சொற்பக் காசுக்கு ரிக்டர் என்கிற மருந்து வியாபாரிக்கு வித்துட்டாங்க. ருடோல்ஸ்டாட் ஊர்க்காரர் அவர். 1880களில் நங்கூர முத்திரை குத்தி உலகம் பூரா வித்தார்.

செங்கல் சிவப்பு, மணற்கல் மஞ்சள், ஓட்டு நீலம்னு மூணே நிறம். ஒண்ணோட ஒண்ணு மாட்டிக்காது, வெயிட்டுலதான் நிக்கும். கூடவே வரைபடப் புத்தகம். அதுல இருக்கிற மாதா கோவிலையும் கோட்டையையும் அஞ்சு வயசுப் பிள்ளை கட்ட முடியாது, அப்பாதான் கட்டணும். இந்தக் கல்லுக்குன்னே நெதர்லாந்தில் 1979-ல் பெரியவங்க சங்கம் ஆரம்பிச்சாங்க. அப்போ அந்தக் கல் உற்பத்தியே கிடையாது, 1963-லேயே நின்னு போச்சு. மறுபடி 1995-ல் தொடங்கினாங்க.

இப்போ டென்மார்க். பில்லுண்ட் என்கிற குக்கிராமம், ஓலே கிர்க் கிறிஸ்டியன்சென்னு ஒரு தச்சர். பொருளாதார மந்தத்துல வீட்டு வேலை எதுவும் வரலை. 1932-ல் மரப் பொம்மை செய்ய ஆரம்பிச்சார். 1934-ல் 'நல்லா விளையாடு'ன்னு அர்த்தம் வர்ற ரெண்டு டேனிஷ் வார்த்தையைச் சுருக்கி 'லெகோ'ன்னு பேர் வெச்சார். பிளாஸ்டிக் வார்க்கிற மெஷின் 1947-ல் வந்து இறங்குச்சு. மெஷின் வித்தவங்க மாதிரிக்குக் காட்டின சாமான்ல ஒரு பிளாஸ்டிக் செங்கல் இருந்தது. அது இங்கிலாந்தின் ஹிலாரி பேஜ் என்பவர் 'கிட்டிகிராஃப்ட்' என்ற பேரில் போட்டது. அதைக் கொஞ்சம் மாத்தி 1949-ல் லெகோ தன் செங்கல்லை இறக்குச்சு. பேஜ் 1957-ல் காலமானார். தன் யோசனை உலகம் சுத்தினதைப் பார்க்க அவர் இல்லை. இந்த வரலாற்றுல என் மனசை உறுத்துற இடம் இதுதான்.

அந்தச் செங்கல்லுக்கு ஒரு குறை. மேல குமிழ் இருக்கும், அடியில வெறும் காலி. மாட்டினா நிக்கும், தூக்கினா உதிரும். ஓலே கிர்க்கின் மகன் காட்ஃப்ரெட் அடிப்பக்கத்துல குழாய் வெச்சார். குமிழ் குழாய்க்கும் சுவருக்கும் நடுவுல இறுக்கமா உக்காந்துக்கும். 1958 ஜனவரி 28 அன்னிக்குக் காப்புரிமைக்கு விண்ணப்பம் போட்டாங்க. அன்னிக்கு வார்த்த செங்கல்லோட இன்னிக்கு வாங்கினதை மாட்டுங்க, மாட்டும். எட்டுக் குமிழ் செங்கல் ஆறு, எல்லாம் ஒரே நிறம், எத்தனை விதமா இணைக்கலாம் தெரியுமா? 91,51,03,765 விதம். டென்மார்க் கணிதப் பேராசிரியர் ஒருத்தர் கணினியை வெச்சு எண்ணிச் சொன்ன கணக்கு. சும்மா இல்லை!

இந்த இடத்துல எங்க தெரு மேஸ்திரியைப் பத்திச் சொல்லணும். சுவர்ல பூச்சு உதிர்ந்ததுன்னு கூப்பிட்டிருந்தேன். கரணையைக் கீழே வெச்சுட்டு மேஜை மேல பாதியில நின்ன என் வீட்டையே பார்த்துட்டு இருந்தார். அப்புறம் கேட்டார், "ஒட்டு மேல ஒட்டு வராம கட்டியிருக்கீங்களே சார், யார் சொல்லிக் குடுத்தா?"

யாரும் சொல்லித் தர வேண்டாம். கீழ் வரிசை இணைப்புக்கு நேர் மேலே மேல் வரிசை இணைப்பு வந்தா சுவர் பிரிஞ்சுடும். ஒன்பது இஞ்சு சூளைக் கல்லுக்கும் அதே விதி, மூணு சென்டிமீட்டர் பிளாஸ்டிக் கல்லுக்கும் அதே விதி. நம்ம செங்கல் ஒன்பதுக்கு நாலரை, லெகோ கல் நாலு குமிழுக்கு ரெண்டு. ரெண்டுமே நீளத்துல பாதி அகலம். அவர் அதை எடுத்து அழுத்திப் பார்த்துட்டு, "கலவை இல்லாமலே நிக்குதே"ன்னார். கடையில "பையனுக்கா?"ன்னு கேட்காத முதல் மனுஷன் அவர்தான்.

கதைக்கு வருவோம். காட்ஃப்ரெட் 1960கள் தொடக்கத்துல தனக்கு வீடு திட்டமிடும்போது தன் செங்கல்லையே வெச்சு மாதிரி கட்டிப் பார்த்தார். சரிப்படலை. ஒரு குமிழ் அகலம் 8 மில்லிமீட்டர், உயரம் 9.6, அதாவது அஞ்சுக்கு ஆறு. கட்டடக் கணக்குக்கு இது தலைவலி. அதனால மூணு பக்கமும் 5 மில்லிமீட்டர் கணக்குல வர்ற வேற செங்கல்லே போட்டார். 1963-ல் அதுக்குத் தனிக் கம்பெனி, பேர் மோட்யுலெக்ஸ். கட்டடக் கலைஞர்களுக்காகவும் திட்டமிடுறவங்களுக்காகவும். 'பெரியவங்களுக்கான செங்கல்' நேத்து வந்த ஃபேஷன் இல்லைங்கறதுக்கு இதுவே சாட்சி.

அப்புறம் இணைய காலம். 1998-ல் லெகோ ஒரு ரோபோ பெட்டி விட்டது, மைண்ட்ஸ்டார்ம்ஸ். சில வாரத்துலேயே ஸ்டான்ஃபோர்டு மாணவர் ஒருத்தர் அதோட மூளையைப் பிரிச்சு மேஞ்சுட்டார். கம்பெனி வழக்குப் போடலாமான்னு யோசிச்சு, கடைசியில 'பண்ணிட்டுப் போங்க'ன்னு விட்டது. 2006-ல் வந்த அடுத்த பதிப்பை வடிவமைக்க வெளியாட்களான பெரிய ரசிகர்களையே கூப்பிட்டு உக்கார வெச்சாங்க. 2000-ல் ஒரு ரசிகர், உதிரிச் செங்கல் வாங்க விற்க பிரிக்லிங்க் தளத்தைத் தொடங்கினார். 2019-ல் அதை லெகோவே வாங்குச்சு. 2020-ல் பெட்டி மேலேயே '18+'னு அச்சடிச்சாங்க. கழுதை வயசு இப்போ அதிகாரபூர்வம்!

"சரி, இதெல்லாம் வெள்ளைக்காரன் கதை. நம்ம ஊர்ல?"ன்னு கேப்பீங்க. வாங்க.

விழுப்புரம் பக்கம் மண்டகப்பட்டு குடைவரைக் கல்வெட்டுல, செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவும் இல்லாம கோயில் எடுத்தேன்னு மகேந்திரவர்ம பல்லவன் பெருமையடிச்சிருக்கார். ஏழாம் நூற்றாண்டு. அவர் மகன் காலத்து மாமல்லபுரத்து ஐந்து ரதங்களைப் பாருங்க. திரௌபதி ரதம் கூரை வேய்ந்த குடிசை, பீம ரதம் வண்டிக் கூண்டு மாதிரிக் கூரை. மரத்துலயும் செங்கல்லுலயும் கட்டின கட்டடங்களைப் பார்த்து ஒரே பாறையில செதுக்கின மாதிரிகள்னுதான் அறிஞர்கள் சொல்றாங்க. மாதிரி கட்டிப் பார்க்கிற ஆசைக்கு நம்ம பக்கம் வயசு 1,300 வருஷத்துக்கு மேல. அதைச் செதுக்கினவங்களும் சின்னப் பசங்க இல்லை.

அடுத்தது பக்கத்துலேயே. எங்க மாங்காட்டுலேர்ந்து போரூர், கிண்டி தாண்டினா அடையார். 1939 நவம்பர்ல தியசாபிகல் சொசைட்டி வளாகத்துல மரியா மாண்டிசோரி அம்மையார் பயிற்சி வகுப்பு தொடங்கினார். நாடு முழுக்க இருந்து 300 பேர் போல வந்தாங்க. எல்லாரும் வளர்ந்தவங்க. பத்து மரக் கட்டைகள், 1 சென்டிமீட்டர்லேர்ந்து 10 சென்டிமீட்டர் வரைக்கும், ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கணும். பேர் 'பிங்க் டவர்'. பிள்ளைக்குச் சொல்லித் தர்றதுக்கு முன்னாடி அந்தக் கட்டையின் எடை தன் கையில ஏறணும்ல? போர் வந்ததால 1940-ல் இத்தாலியர்னு அவர் மகன் மரியோவை வெள்ளைக்கார அரசு சிறை வெச்சது, சில மாதத்துல விட்டுட்டது. அம்மையார் போர் முடியும் வரை இந்தியாவிலேயே இருந்தார். 1946-ல்தான் ஐரோப்பா திரும்பினார். யோசிச்சுப் பாருங்க, உலகமே பீரங்கி வார்த்துட்டு இருந்தப்போ அடையார்ல முந்நூறு பெரியவங்க கட்டை அடுக்கக் கத்துக்கிட்டாங்க.

இதெல்லாம் விடுங்க, கொலு இருக்கே! படி மேல சாமி, கீழே தரையில பார்க். மண் பரப்பி, கேழ்வரகு முளைக்கப் போட்டு வயல், கண்ணாடி வெச்சுக் குளம், தெர்மகோல்ல மலை, அதுக்கு நடுவுல பிளாஸ்டிக் ரயில். ஒன்பது நாளைக்கு அதைக் கட்டுறது யார்? நாற்பது, ஐம்பது வயசு அம்மாக்கள், தாத்தாக்கள். நம்ம பெரியம்மாவே பத்து வருஷமா கிராமத்து செட் போடுறவங்கதான்! நவராத்திரில அதுக்குப் பேர் பக்தி, சுண்டல் கிடைக்கும். மத்த மாசத்துல கட்டினா கழுதை வயசு. இது என்ன நியாயம்?

தங்கமணி கேட்ட கேள்விக்கும் பதில் சொல்லிடறேன். விலை உண்மையிலேயே கொடுமைதான். பெரிய பெட்டி ஒண்ணு எங்க ஏரியாவுல ரெண்டு மாச வாடகையைத் தொடும். பொம்மைக்கான இறக்குமதி வரி 20 சதவீதமா இருந்தது, 2020 பட்ஜெட்ல 60 ஆச்சு, 2023-ல் 70 ஆச்சு. 2021 ஜனவரி 1 முதல் பொம்மைக்கு ஐஎஸ்ஐ முத்திரையும் கட்டாயம். அந்தத் தர உத்தரவுப்படி பொம்மைன்னா 14 வயசுக்குக் கீழே உள்ள பிள்ளைங்க விளையாடுறது. ஆக, சட்டத்துக்கும் நம்ம பெரியம்மாவுக்கும் ஒரே கருத்து :-)

ஆனா ஒரு வழி திறந்துதான் இருக்கு. அமெரிக்காவில் 1961-ல் கிடைச்ச லெகோ காப்புரிமை 1978-ல் முடிஞ்சது. அப்புறம் செங்கல் வடிவத்தையே வணிக முத்திரையா வெச்சுக்கப் பார்த்தாங்க. 2005-ல் கனடா உச்ச நீதிமன்றமும் 2010-ல் ஐரோப்பிய நீதிமன்றமும் முடியாதுன்னுட்டாங்க. வேலை செய்யற வடிவத்தை முத்திரையா நிரந்தரமா பூட்டி வைக்கக் கூடாதுங்கறது சாராம்சம். அதனாலதான் வேற கம்பெனிக்காரங்களும் அதே அளவுல செங்கல் போட முடியுது, அதுவும் இதுவும் ஒண்ணா மாட்டிக்குது. பாரிமுனை பக்கம் பொம்மைக் கடைகள்ல ஐஎஸ்ஐ முத்திரை பார்த்து வாங்குங்க. லெகோ பேரையும் பெட்டியையும் காப்பியடிச்சது வேண்டாம், அது திருட்டு. இறுக்கம் கொஞ்சம் கம்மியா இருக்கும், கைக்குப் பழகிடும்.

இந்தச் சுதந்திரம் எனக்கு ஏன் முக்கியம்னா, இந்தியக் கட்டடம்னு லெகோ பெரிசா போட்டது தாஜ் மஹால்தான். 2008-ல் 5,922 துண்டுகளோட ஒண்ணு, 2021-ல் 2,022 துண்டுகளோட சின்னது ஒண்ணு. நம்ம ஊர் ஓட்டு வீட்டுக்கு டென்மார்க்காரன் பெட்டி போடப் போறதில்லை. மாங்காட்டுல கோயிலைச் சுத்தின தெருக்கள்ல திண்ணை வெச்ச வீடுகள் ஒவ்வொண்ணா இடிஞ்சு ஃப்ளாட் ஆகுது. மேஸ்திரி பார்த்த அந்தப் பாதி வீடு அப்படிப்பட்டதுதான். ரெண்டு திண்ணை, நாலு மரத்தூண், நடுவுல முற்றம். அசலை இடிச்சு மூணு மாடி எழும்பியாச்சு. அதோட வாசல்ல உக்காந்து பஸ்ஸுக்குக் காத்திருந்த ஞாபகத்துல அளவு போட்டுக் கட்டறேன். தூணுக்கு உருண்டைச் செங்கல், ஓட்டுக்குப் பழுப்புச் சரிவுத் துண்டு. எல்லாமே உதிரி, அறிவுறுத்தல் புத்தகம் கிடையாது.

உங்க தெருவுலயும் அப்படி ஒரு வீடு இருந்தா, இடிக்கிறதுக்கு முன்னாடி நாலு பக்கமும் ஒரு போட்டோ எடுத்து வெச்சுடுங்க. திண்ணை உயரத்தையும் டேப் வெச்சு அளந்துடுங்க. பின்னால கட்டலாம். அளவு இல்லாமதான் நான் திண்டாடறேன்.

டிஸ்கி: அக்கினிக்கு நடுவுல, ஊசி முனையில ஒத்தைக் கால்ல நின்னு தவம் பண்ணினாங்க எங்க ஊர் காமாட்சி அம்மன். ராத்திரி லைட் போடாம தண்ணி குடிக்கப் போய், வெறுங்கால்ல லெகோ செங்கல்லை மிதிச்சவங்களுக்கு அதுல ஒரு துளி புரியும். கட்டி முடிச்சா டப்பாவுல எடுத்து வைங்க மக்களே!