கிளாரினெட்டில் கமகம்

நம் அந்தமான் பிள்ளைகள் பள்ளிக்கூட பேண்டில் கிளாரினெட் வாசித்து அணிவகுத்துப் போவதைப் பார்த்திருப்பீர்கள். என் மகள் வயிற்றுப் பேரனும் வாசிக்கிறான். விரல் பறக்கிறது, ஒரு ஸ்வரம் பிசகாது. "எப்படி தாத்தா?" என்றான். "தோடி காந்தாரம் பிடிச்சுக் காட்டுடா" என்றேன். திருதிருன்னு முழித்தான். இந்தக் கட்டுரைக்கு அவன்தான் காரணம்.

கிளாரினெட் 1700 வாக்கில் ஜெர்மனியின் நியூரம்பர்க் நகரில் டென்னர் உருவாக்கிய கருவி. 1840-களை ஒட்டிப் பாரிசில் குளோசேயும் பூஃபேயும் அதன் விசைகளைத் திருத்தி அமைத்தார்கள். எந்த ஸ்வரமும் சுத்தமாக, தனித்தனியாக விழும். அவர்கள் சங்கீதத்துக்கு அது வரம். நமக்கோ அங்கேதான் தொல்லை. விசையை அமுக்கினால் ஸ்வரம் படிக்கட்டுப் போல நிற்கும், வழுக்காது. நாகசுரத்தில் விசையே கிடையாது; விரலாலும் சீவாளியில் உதட்டாலும் ஸ்வரத்தை வளைத்துக்கொள்ளலாம். மூச்சை அழுத்தினால் அதே விரலுக்கு மேல்ஸ்தாயி ஸ்வரம் பேசும். கிளாரினெட்டிலோ ஸட்ஜத்து விரலுக்கு மேல்ஸ்தாயி பஞ்சமம்தான் பேசும். ஆகவே ஸ்தாயி மாறினால் விரலடைவும் மாறணும்.

இப்பேர்ப்பட்ட கருவி பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே சதிர்க் கச்சேரியில் முகவீணையின் இடத்துக்கு வந்துவிட்டது. கொண்டுவந்தவர் மகாதேவ நட்டுவனார் என்பார்கள். கச்சேரி மேடையில் அதை நிமிர்த்தியவர் 1931-இல் பிறந்த ஏ.கே.சி. நடராஜன். தகப்பனார் சின்னிகிருஷ்ண நாயுடுவும் கிளாரினெட் வித்துவான். ஆனால் மகன் ஆலத்தூர் வெங்கடேசய்யரிடம் வாய்ப்பாட்டும், இலுப்பூர் நடேச பிள்ளையிடம் நாகசுரமும் கற்றார். விஷயம் இங்கேதான் இருக்கிறது என்பது என் துணிபு. பாட்டு முதலில் தொண்டையில் ஏறிவிட்டது. பிறகு துளையைப் பாதி மூடியும், விரலை மெல்ல நகர்த்தியும், உதட்டைத் தளர்த்தியும் அதே பாட்டைக் குழலிடம் கறந்தார். ராஜரத்தினம் பிள்ளையே அவருக்கு 'கிளாரினெட் எவரெஸ்ட்' என்று பட்டம் கொடுத்தார். 2008-இல் சங்கீத கலாநிதி, 2022-இல் பத்மஸ்ரீ.

நம் இளங்கோவடிகள் அரங்கேற்று காதையில் குழலோனுக்கு இலக்கணம் சொல்கிறார். அவன் சித்திரப் புணர்ப்பும் வஞ்சனைப் புணர்ப்பும் அறிந்தவனாம். பாட்டில் வல்லொற்று வந்தால் மெல்லொற்றுப் போல நெகிழ்த்து ஊதுவது என்று உரைகாரர் விளக்குகிறார். சொல்லின் கடுமையைக் கூட இளக்கணும் என்கிற கணக்கு. 

பேரனிடம் கருவியைக் கீழே வைக்கச் சொல்லி, தினம் கால்மணி நேரம் பாட வைக்கிறேன். குரல் உடைகிற வயசு, வீட்டில் எல்லோரும் சிரிக்கிறார்கள். போன வாரம் காந்தாரம் லேசாக அசைந்தது. பேண்டில் மட்டும் அப்படி அசைக்காதேன்னு சொல்லி வைத்திருக்கிறேன், வாத்தியார் அடிப்பார்.