ஊட்டி ஃபிலிம் மறுபடியும் வருமா?

திருச்சியிலோ ஸ்ரீரங்கத்திலோ பழைய கருப்பு வெள்ளைக் கல்யாண ஆல்பம் வைத்திருக்கும் வீட்டுப் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள் நண்பர்களே. "இந்து ஃபிலிம்" என்று ஒரு பெயரை யாராவது சொல்லக்கூடும். (இந்து என்றால் நிலா!) அது வெளிநாட்டுச் சரக்கு இல்லை, நம்ம ஊட்டியில் தயாரானது.

மத்திய அரசு 1960-ல் ஆரம்பித்த ஹிந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ், பிரான்ஸின் பௌஷே நிறுவனத்தின் உதவியோடு 1967-ல் உற்பத்தியைத் தொடங்கியது. ஊட்டியின் குளிரும் தூசி குறைந்த காற்றும் இந்தத் தொழிலுக்குத் தோதானவை. கேமரா ஃபிலிம், எக்ஸ்ரே ஃபிலிம், சினிமா ஃபிலிம் எல்லாம் அங்கிருந்து வந்தன.

1990-களில் இறக்குமதி வரி குறைந்து வெளிநாட்டு ஃபிலிம் குவிந்தது. பாலியஸ்டர் எக்ஸ்ரே ஃபிலிம் திட்டத்துக்கு வாங்கிய கடன் வேறு கழுத்தை நெரித்தது. 1996-ல் நலிந்த நிறுவனம் என்று அறிவித்தார்கள். 2003-ல் மூடிவிடப் பரிந்துரை வந்தது. மிச்சமிருந்த ஊழியர்களுக்கு விருப்ப ஓய்வு கொடுக்க 2014-ல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது.

இப்போது இளைஞர்கள் திரும்பவும் ஃபிலிம் கேமராவைத் தேடுகிறார்களே, ஃபார்முலாவை எடுத்து மறுபடியும் செய்தால் என்ன?

அங்கேதான் சிக்கல். ஜெலட்டினுக்குள் வெள்ளி உப்புப் படிகங்களை வளர்க்க வேண்டும். படிகத்தின் அளவு மாறினால் ஃபிலிமின் வேகமே மாறிவிடும். அந்தக் கலவையை இருட்டறையில், மிக மெல்லிய அடுக்காக, கொஞ்சம்கூட ஏற்றத்தாழ்வு இல்லாமல் பூச வேண்டும். பெரிய அளவு விற்பனைக்காகக் கட்டிய இயந்திரங்களைச் சின்னச் சந்தைக்காக ஓட்டினால் கட்டுப்படியாகாது.

போலராய்டு 2008-ல் உடனடிப் பட ஃபிலிமை நிறுத்தியபோது, நெதர்லாந்தின் என்ஷெடே ஆலை இயந்திரங்களை ஒரு குழு வாங்கிக் காப்பாற்றியது. பழைய ஊழியர்கள் சிலரும் கூடவே இருந்தார்கள். அப்படியும் தேவையான ரசாயனங்கள் கிடைக்கவில்லை. புதிதாக ஃபார்முலா கண்டுபிடித்து 2010-ல் வெளியிட்டார்கள், தரமோ பழையதற்கு ஈடாகவில்லை. கோடக் 2012-ல் நிறுத்திய எக்டாக்ரோமை 2018-ல் திரும்பக் கொண்டுவந்தது. அதற்குக் காரணம், சினிமா ஃபிலிமுக்காக அதன் ஆலை ஓடிக்கொண்டே இருந்ததுதான்.

ஆக, ஃபிலிமை உயிர்ப்பிப்பது காகிதத்தில் இருக்கும் ஃபார்முலா இல்லை. ஓடுகிற இயந்திரமும், இருட்டில் கைப்பழக்கத்தால் வேலை செய்யும் ஆட்களும்தான். ஊட்டியில் இயந்திரங்கள் நின்று பல வருடங்களாகிவிட்டன. இந்து ஃபிலிம் திரும்பி வருவது கடினம். ஆனால் அதைச் செய்தவர்களில் பலர் இன்னும் நம்மோடு இருக்கிறார்கள். அவர்கள் அனுபவத்தையாவது உடனே பதிவு செய்ய வேண்டும். அதுவும் போய்விட்டால் ஆல்பம் மட்டும்தான் மிஞ்சும்.